சைக்கிள் நின்ற வாசல்

நேற்றுக் காலையில், வீடு வீடாக மாத்திரை கொடுக்க வருகிற அந்த ஆஸ்பத்திரிப் பெண் ஸ்கூட்டியை எங்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, "ஆன்ட்டீ... சுகர் மாத்திர!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார். எனக்குச் சர்க்கரை இருப்பது என் மருமகளுக்கே போன வருஷம்தான் தெரியும். இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"ஏம்மா, தண்டோரா போட்டுத்தான் குடுக்கணுமா? கேட்ல மாட்டிட்டுப் போனா ஆவாதா?" என்றேன்.

"இன்னா ஆன்ட்டி நீங்க, இந்தத் தெருவுல வூட்டுக்கு ஒருத்தருக்கு சுகர் கீது. இதுல இன்னா வெக்கம்?" என்று சிரித்துக்கொண்டே அட்டைகளை நீட்டினாள். அப்புறம் போனை எடுத்து, என்னை மாத்திரையோடு ஒரு படம் வேறு பிடித்தாள். எதற்கு என்றால், கொடுத்ததற்கு அத்தாட்சியாம். அந்தப் படம் எங்கே போகிறது, யார் யார் பார்க்கிறார்கள், யார் கண்டது?

இதை ஏரிக்கரையில் நடக்கும்போது சொன்னதற்குத்தான் நீங்கள் எல்லாரும் அப்படிச் சிரித்தீர்கள். "வூடு தேடி வந்து மாத்திர குடுத்தா அதுலயும் சந்தேகமா உனக்கு?" என்றீர்கள். எனக்குச் சந்தேகப் பேய் என்று நீங்கள் பேர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது எனக்குச் சும்மா வந்த குணம் இல்லை. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, ஒரு ஆடி மாசத்தில் பிடித்துக்கொண்டது. அந்தக் கதையை உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை. நீங்கள் எல்லாரும் என் வயசுக்காரர்கள், அந்தக் காலத்து ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் படாளம் கூட்டு ரோட்டில் இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே உள்ளே நடந்தால் வரும். பஸ் கிடையாது. ஆஸ்பத்திரி ஜீப் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், ஆண்பிள்ளைகள் எல்லாரும் கரும்புக்குள் பாய்ந்து ஒளிந்துகொள்வார்கள். பிடித்துக்கொண்டு போய் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிவிடுவார்கள் என்று பயம். அந்த பயம் வெறும் பயமும் இல்லை, அக்கம்பக்கத்து ஊர்களில் அப்படி ஆள் பிடித்த கதைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஜீப் போன பிறகு கரும்புச் சோகை கிழித்த கீறல்களோடு ஒவ்வொருத்தராக வெளியே வருவார்கள், அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். ஆகவே, ஆஸ்பத்திரியிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் என்னமோ எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்பது எங்கள் ஊரின் முடிவு.

ஜீப்புக்கு ஒளியலாம். சைக்கிளுக்கு என்ன செய்வது? மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவர் சைக்கிளில் வருவார். ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, செயினில் மாட்டாமல் இருக்கப் பேண்டின் காலில் ஒரு இரும்புக் கிளிப். ஹேண்டில்பாரில் தோல்பை தொங்கும். அவர் பேர் யாருக்கும் தெரியாது, சைக்கிள்காரர் என்றுதான் சொல்வோம். ஆனால் என்ன வியாதிக்கு வருகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். குஷ்டம் என்று அந்த வியாதியின் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பெருவியாதி என்பார்கள். அதற்கென்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி செங்கல்பட்டுப் பக்கம் இருந்தது. அந்த ஸ்டாப்பைச் சொல்லி டிக்கெட் கேட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். அதனால் போகவேண்டியவர்கள் அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி, இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு திரும்பி நடப்பார்களாம். அப்படி நடக்கவும் துணிவில்லாதவர்களுக்காகத்தான் இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒருமுறை வந்தார். எங்களை வரிசையில் நிற்கவைத்து, முதுகிலும் கையிலும் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார். என் கையில் ஒரு வெளிர் திட்டு இருந்தது. பையிலிருந்து ஒரு இறகை எடுத்து, "கண்ண மூடிக்கோ. எங்க தொட்றேனோ அங்க வெரல வெச்சிக் காட்டு" என்றார். இறகு பட்டதும் எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தேன். "கூசுதா? கூசினா நல்லது. வெறும் அழுக்குத் தேமல்தான், போ" என்றார். கூசுவது நல்லது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு மாத்திரை கொடுக்க வருகிறாரோ அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தவே மாட்டார். நிறுத்தினால் அந்த வீட்டை ஊர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் பொதுவான இடமாகப் பார்த்து நிறுத்துவார். எங்கள் ஊரில் அவர் நிறுத்திய இடம், ஊர் முனையில் வண்டிப் பாதை திரும்பும் இடத்தில் இருந்த இட்லிக் கடை. நல்லது நினைத்துத்தான் செய்தார். எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு முழுசாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இட்லிக் கடை அத்தை எங்கள் ஊர்க்காரி இல்லை. கோவளத்திலிருந்து வந்தவள். கடலுக்குப் போன புருஷன் திரும்பாததால், தூரத்துச் சொந்தம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து, ஓலைச் சாய்ப்பு இறக்கி, ஒரு பெஞ்சு போட்டுக் கடை வைத்தாள். "இன்னா ஊருடி இது, காத்தே வர மாட்டுது" என்று முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பாள். அவள் வேர்க்கடலைச் சட்னியின் வாசனை பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். அந்தச் சட்னியில் அவள் என்ன போட்டாள் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள் கை முழுக்கச் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள் இருக்கும். இட்லிப் பானையின் ஆவி பட்டால் 'ஸ்ஸ்' என்று கையை உதறி, அந்தப் பானையையே திட்டுவாள்.

எங்கள் அம்மா அதற்கு நேர்மாறு. அவள் துணியே பிடிக்க மாட்டாள். கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கிவைப்பாள். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். ஒரு வருஷம் ஆடிக் கூழ் வார்க்கும்போது, மாரியம்மனுக்குப் படைக்கத் தனியாக வைத்திருந்த பித்தளைக் குண்டான் அடுப்பில் சாயப் பார்த்தது. அம்மா பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் சன்னதியில் வைத்தாள். முகம் கூடச் சுளிக்கவில்லை. பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். அம்மன் கையில் இறங்கியிருக்கிறாள் என்று பூசாரி சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் முதல் கூழை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கி அம்மனுக்கு வைப்பது எங்கள் அம்மாவின் வேலை ஆயிற்று. குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கையால் திருநீறு பூசச் சொல்லித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. ஆனாலும் ஆம்பிளை இல்லாத வீடு என்று யாரும் எங்களை இளக்காரமாகப் பேசியதில்லை. எல்லாம் அந்தக் கைக்கு இருந்த மரியாதை.

இந்த நிலைமையில்தான் சைக்கிள் இட்லிக் கடை முன்னால் நிற்க ஆரம்பித்தது.

முதலில் பேச்சைத் தொடங்கியது பெரியம்மா, அப்பாவின் அண்ணி. கிணற்றடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "அந்த சைக்கிள்காரன் எதுக்குடி அவ கடையிலயே குந்திகினு கீறான்? ஊருக்குள்ள ஒரு வூட்டுக்குக் கூடப் போறதில்ல. வரான், குந்துறான், போறான். அப்ப யாருக்குடி வியாதி?" என்றாள்.

"இட்லி துன்ன வராரோ இன்னாவோ" என்றாள் ஒருத்தி.

"செங்கல்பட்டுல இட்லி இல்லியா? மெனக்கெட்டு இம்மாந்தூரம் வெயில்ல மெதிச்சிகினு வந்து துன்னணுமா?"

அவ்வளவுதான். அடுத்த வாரத்திலேயே பெஞ்சில் ஆள் குறைந்தது. அத்தை கையில் இருந்த சூட்டுத் தழும்புகள் எல்லாம் இப்போது வேறு மாதிரி பேசப்பட்டன. அந்த வியாதிக்காரர்களைப் போல முகம் மினுமினுக்கிறது என்றாள் ஒருத்தி. புருவத்தில் முடி குறைகிறது என்றாள் இன்னொருத்தி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சந்தேகக் கண்ணோடு பார்த்தால் யார் புருவமும் குறைந்துதான் தெரியும், வேண்டுமானால் கண்ணாடியில் உங்கள் புருவத்தையே பாருங்கள்.

ஆனால் எனக்கு அத்தை மேல் இருந்ததை விடப் பெரிய சந்தேகம் எங்கள் அம்மா மேல் இருந்தது. ஊரே அந்தக் கடையை ஒதுக்கும்போது இவள் மட்டும் போகிறாள். அதுவும் தெரு வழியாக இல்லை, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நுழைந்து, அவரைப் பந்தலைத் தாண்டி, கடையின் கொல்லைப்புறமாகப் போகிறாள். இட்லி வாங்கிக்கொண்டும் வருவதில்லை. இன்னொன்று, பவுடரே பூசாத அம்மாவின் துணிப் பெட்டிக்கு அடியில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். பவுடர் கடகடக்குமா? மூடியைத் திருகப் பார்த்தேன், இறுகிக்கிடந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு அம்மா, "அது ஒடஞ்ச வளையலுடி, தொடாத" என்றாள். உடைந்த வளையலை யாராவது ஒளித்து வைப்பார்களா? அத்தை அம்மாவுக்கு ஏதோ வசியம் பண்ணிவிட்டாள் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு மத்தியானம் அம்மா முறத்தில் அரிசி புடைத்துவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் ஒரு கோழி இறகு கிடந்தது. எனக்குப் பள்ளிக்கூட விளையாட்டு ஞாபகம் வந்தது. "ம்மா, கண்ண மூடு. எங்க தொட்றேன் சொல்லு பாக்கலாம்" என்றேன்.

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். கன்னத்தில் தொட்டேன். "கன்னம்." முழங்கையில் தொட்டேன். "முட்டி. ஐய, கூசுதுடி." அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வலது கையில், சுண்டு விரல் பக்கமாக இழுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருமுறை அழுத்தி இழுத்தேன்.

"தொடுடி, இன்னும் எத்தினி நேரம்?" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடியே.

நான் இறகை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறந்தாள். இறகு அவள் கையின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. அவள் இறகைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். முடி கருகுகிற நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

"இத யாருகிட்டயும் வெளாடாத" என்றாள்.

சைக்கிள்காரர் வருகிற அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா கொல்லைப்பக்கமாகப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். அவரைப் பந்தலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கடையின் பின்புறம் விறகு அடுக்கியிருந்த இடத்தில் அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். சைக்கிள்காரர் குனிந்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். அத்தை வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று காவல் நின்றாள்.

"மாத்திரைய உடாம சாப்புடு, வியாதி கட்டுக்குள்ள வந்துடும். யாருக்கும் ஒட்டாது. ஆனா செத்துப்போன ஒணர்ச்சி திரும்பி வராதும்மா. துணி இல்லாம அடுப்பாண்ட போவாத. வெந்தாலும் ஒனக்குத் தெரியாது. புண்ணு பெருசாச்சின்னா வெரலு போயிடும்" என்றார் அவர்.

"கூழு வருது சார். அன்னிக்கி ஒரு நாளு மட்டும்..."

"அன்னிக்கும்தான்."

"துணி புடிச்சா ஏன் புடிக்கிறன்னு கேப்பாங்களே சார். நான் இன்னான்னு சொல்லுவேன்?" அம்மாவின் குரல் கம்மியது. "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க கீது. நாளைக்கு எவன் கட்டுவான்?"

அத்தை திரும்பிப் பார்த்து, "நீ அழுவாதக்கா. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

தன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள் சொன்ன வார்த்தை அது. 'எனக்கு இல்லை, உங்க ஊர் அம்மன் கைக்காரிக்குத்தான் வியாதி' என்று கிணற்றடியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் பெஞ்சு மறுநாளே நிரம்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். அம்மாவிடம் ஏதாவது எதிர்பார்த்தாளா, எங்களுக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருந்ததா என்றுகூட நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஆடி மாசம் கூழுக்கு முந்தின நாள், வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு கொண்டுவந்து கோயில் முன்னால் பொது அண்டாவில் கொட்டிக் கரைத்துப் புளிக்கவைப்பார்கள். அம்மாதான் கையால் கரைத்துக்கொண்டிருந்தாள். அத்தையும் தலைக்குக் குளித்து, ஒரு தட்டில் மாவு எடுத்துக்கொண்டு வந்தாள். பெரியம்மா எழுந்து குறுக்கே நின்றாள்.

"நீ எடுத்துகினு போம்மா. அம்மனுக்குப் போறது, ஊரே குடிக்கிறது. நாலு கை படற எடம்."

"நாலு கையில என் கை மட்டும் இன்னா ஆயிப்போச்சி?" அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "நல்லாப் பாரு. எங்க கீது? காட்டு!"

பெரியம்மா பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை எங்கள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு மாவைக் கரைத்துக்கொண்டே இருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூழ் வழியாக அந்த வியாதி ஒட்டாது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். அன்றைக்கு ஊருக்குத் தெரியாது. சைக்கிள்காரர் சொல்லி அம்மாவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்திருக்கலாம். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம், 'மாவுதானே, கொட்டட்டும் உடு' என்று ஒரு வார்த்தை, அம்மன் கைக்காரி சொன்னால் ஊர் கேட்டிருக்கும். என்னைப் பெற்றவள்தான், என்னை வளர்த்தவள்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் குனிந்த தலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் பம்பை அடிக்க ஆரம்பித்ததும் ஊரே கூடிவிட்டது. வேப்பிலை, புகை, முருங்கைக்கீரை வதக்குகிற வாசனை. பித்தளைக் குண்டானில் அம்மனுக்கான கூழ் தளதளவென்று கொதித்தது. அம்மா மஞ்சள் புடவையில் அடுப்பு முன்னால் நின்றாள். கூட்டத்துக்கு வெளியே, புளியமரத்தடியில் அத்தை நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவள் கையில் இட்லித் துணி இருந்தது, தோய்த்து மடித்த வெள்ளைத் துணி.

பூசாரி தலையசைத்தார். அம்மா குனிந்தாள். அந்த நேரத்தில் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "யக்கா, துணியப் புடிச்சி எடு" என்று துணியை நீட்டினாள்.

பம்பை நின்றுவிட்டது. "இன்னா தைரியம்டி ஒனக்கு! அம்மன் கைக்குத் துணி குடுக்க வந்துட்டியா? அதுவும் ஒன் கையால தொட்ட துணி!" என்று பெரியம்மா கத்தினாள். யாரோ அத்தையின் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. "யக்கா, சொன்னாக் கேளு. புடி" என்றாள்.

அம்மா துணியைப் பார்த்தாள். வாங்கிவிடு, வாங்கிவிடு என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா திரும்பி, வெறுங்கையால் குண்டானைப் பிடித்துத் தூக்கினாள். குலவை வானத்தைப் பிளந்தது. அடுப்பிலிருந்து சன்னதிக்கு அவள் வழக்கத்தை விட மெதுவாக நடந்தாள், கூழ் ஒரு சொட்டு சிந்தவில்லை. குண்டானை வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது, வலது உள்ளங்கையின் தோல் பித்தளையோடு ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். கும்பிடுகிற சாக்கில் அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன், அத்தை இல்லை.

மறுநாள் இட்லிக் கடை திறக்கவில்லை. அத்தை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கோவளத்துக்கே, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். "பாத்தியா, உண்மையா இருக்கவேதானே ஓடிட்டா" என்றாள் பெரியம்மா.

அம்மாவின் கையில் புண் வைத்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, துணி சுற்றிக்கொண்டு, அம்மன் காரியம் பண்ணியதில் லேசாகப் பட்டுவிட்டது என்றாள். ஊரும் நம்பியது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் திருநீறு பூச அந்தக் கட்டுப்போட்ட கையையே கேட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் நாற்றம் அடித்தது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றாள், அது பொய்யும் இல்லை. வலிக்காமலே அழுகுகிற கையைப் பார்த்துக்கொண்டு என் தங்கையும் நானும் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். பவுடர் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

அடுத்த மாசம் செவ்வாய்க்கிழமை சைக்கிள்காரர் வந்தார். இட்லிக் கடை இருந்த இடத்தில் ஓலை சரிந்து கிடந்தது. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றார். சுள்ளென்று வெயில். கிணற்றடியில் பெண்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்றைக்கு எங்கே போவான் பார்க்கலாம் என்று. அவர் யாரையும் பார்க்காமல், எங்கள் வீட்டுப் பக்கமும் திரும்பாமல், சைக்கிளை வந்த வழியே திருப்பினார்.

அம்மா வீட்டிலிருந்து வெளியே வந்தாள். கொல்லைப்பக்கமாக இல்லை, தெரு வாசல் வழியாக. தலையில் முக்காடு கூட இல்லை. கிணற்றடியைத் தாண்டி நேராக நடந்து போனாள். "சார், நில்லுங்க" என்றாள். கட்டுப்போட்ட கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவர் பதறிப்போய், "வாணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றது எனக்கே கேட்டது. அம்மா சைக்கிளை அவரிடமிருந்து வாங்கி, தெரு நெடுகத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் வெறுங்கையோடு பின்னால் வந்தார். எங்கள் வாசலில் கொண்டுவந்து, காலால் ஸ்டாண்டைத் தள்ளி, டக்கென்று நிறுத்தினாள்.

பெரியம்மாவின் வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் கயிற்றை இழுக்கவில்லை. "இன்னாடி இது?" என்றாள்.

"எனக்குத்தான் வராரு. எப்பவும் எனக்குத்தான் வந்தாரு" என்றாள் அம்மா. அப்புறம் அவரைப் பார்த்து, "உள்ள வாங்க சார், புண்ண வந்து பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கிணற்றில் எங்கள் முறை கடைசிக்குப் போயிற்று. திருநீறு பூச யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவளை அவள் அம்மா வந்து வேறு இடத்தில் உட்காரவைத்தாள். அடுத்த ஆடியில் முதல் கூழைப் பெரியம்மாதான் இறக்கினாள், தடிமனாக மடித்த துணியைப் பிடித்துக்கொண்டு. குலவைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

சைக்கிள் மட்டும் வருஷக்கணக்காக எங்கள் வாசலில் நின்றது. அம்மா மாத்திரையை ஒரு நாள் விடவில்லை. வியாதி முழுசாகத் தீர்ந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கினபடியே நின்றுவிட்டன, அந்தக் கையோடுதான் என் தங்கைக்கும் எனக்கும் கல்யாணம் பண்ணிவைத்தாள். லேட்டாகத்தான், ஆனால் பண்ணிவைத்தாள்.

அத்தைக்குச் சேதி எப்படிப் போயிற்றோ தெரியாது. மழைக்காலம் முடிந்து ஒரு நாள் சாக்கு மூட்டையோடு திரும்பி வந்தாள். ஊர் அவளிடம் மன்னிப்புக் கேட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. மறுபடியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். கடையைத் திறந்த அன்றைக்கே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், முன்வாசல் வழியாக. ஒரு கையில் இட்லித் தூக்கு, இன்னொரு கையில் அந்த இட்லித் துணி. அம்மா அதை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு அழுத அழுகை எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அத்தை, "சீ, எழுந்துரு. இட்லி ஆறிடும்" என்று அதட்டினாள்.

இவ்வளவும் ஆன பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. அன்றைக்கு அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது அத்தைக்காகவா, இல்லை, மாத்திரை தீர்ந்துபோய் வேறு வழி இல்லாததாலா? அத்தைக்காக என்றால், மாவு கரைத்த அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, அம்மாவின் கடைசி வருஷத்தில், ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். அவள் மடங்கின விரல்களைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"வெயில்ல நின்னுகினு இருந்தாரு" என்றாள். "எங்க நிறுத்தறதுன்னு தெரியாம. பாக்கப் பாவமா இருந்திச்சி. அதான்."

நான் நம்பவில்லை. என் அம்மா அவ்வளவு சுலபமான பெண்பிள்ளை இல்லை. ஆனால் நேற்று அந்தப் பெண் போன பிறகு கேட்டருகே நின்று பார்த்தேன். எங்கள் தெருவில் மரம் இல்லை, ஒரு சாண் நிழல் இல்லை. அவள் வண்டியைக் கொளுத்துகிற வெயிலில் நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை வந்தால் எங்கள் கேட்டுக்கு உள்ளேயே வண்டியை நிறுத்தச் சொல்லப்போகிறேன். தெரு பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கத்துகிற கத்தல் மட்டும் கூடாது, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.